நிலத்துக்குப் பெயரிடும் பொறுப்பு: பிக்கப் டிரக்கின் இயக்கமுறைகள் குறித்து ஓர் அறவியல் ஆய்வு

ஒரு செயலைச் செய்பவர் யார், அதற்குப் பொறுப்பேற்க வேண்டியவர் யார் என்பது அறவியலின் அடிப்படைக் கேள்விகளுள் ஒன்று. கருவி மனிதக் கையின் வலிமையைக் கூட்டித் தருவதோடு நின்றவரையில் இதற்கு விடை சொல்வது கடினமாக இருக்கவில்லை. கருவி செய்ததெல்லாம் அதை இயக்கியவர் செய்ததே எனக் கொள்ளப்பட்டது. மனிதர் இடும் ஆணையைப் பெற்று, தன்னுள் வகுக்கப்பட்ட விதிகளின்படி அதற்குப் பொருள்கொண்டு, அதன் பின்னரே அதை நிறைவேற்றும் கருவிகள் தோன்றியதும் அந்த விடையின் தெளிவு குறைந்தது. இவ்வகைக் கருவிகளைப் பற்றிய விவாதம் பெரும்பாலும் ஓட்டுநர் இல்லாத கார்களைச் சுற்றியே நடைபெறுகிறது. ஆயினும், முழுக் கைவேலைக்கும் முழுத் தானியக்கத்துக்கும் நடுவே நிற்கும் ஒரு பொருள் இக்கேள்வியை இன்னும் கூர்மையாகக் காட்ட வல்லது. அமெரிக்காவில் பண்ணை வேலைக்கும் கட்டட வேலைக்கும் குடும்பப் பயணத்துக்கும் ஒருசேரப் பயன்படும் பிக்கப் டிரக்கில், நிலத்துக்கும் வேலைக்கும் ஏற்ப ஓட்டுநர் தெரிவு செய்யும் 'டிரைவ் மோடு' எனப்படும் இயக்கமுறையே அது.

இயக்கமுறை எவ்வாறு உருவானது என்பதை அறிந்தாலன்றி அதன் அறவியல் தன்மை விளங்காது. முற்கால வண்டிகளில் ஆக்சிலரேட்டர் மிதிகட்டையும், என்ஜினுக்குள் காற்றை விடும் திராட்டில் வால்வும் ஒரு கம்பியால் இணைக்கப்பட்டிருந்தன. கால் எவ்வளவு அழுத்தியதோ அவ்வளவு வால்வு திறந்தது. மின்னணுவியல் வந்தபின் அந்தக் கம்பி நீக்கப்பட்டு, மிதிகட்டையின் நிலையை உணரி ஒன்று அளந்து கணினிக்குச் சொல்ல, கணினி சிறு மோட்டாரைக் கொண்டு வால்வைத் திறக்கும் ஏற்பாடு பரவியது. கால் பாதி அழுத்தினால் என்ஜின் எவ்வளவு விசை தர வேண்டும் என்பது அன்று முதல் கம்பியின் நீளத்தைச் சார்ந்திராமல், எழுதவும் மாற்றவும் கூடிய விதியாயிற்று. பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ். 1978இல் பாஷ் நிறுவனத்தின் தயாரிப்பாக மெர்சிடிஸ் கார்களில் வந்தது. வண்டி நிலைதவறிச் சுழலாமல் காக்கும் ஈ.எஸ்.சி. 1995இல் வந்து, 2012ஆம் ஆண்டு மாடல்கள் முதல் அமெரிக்காவில் இலகுரக வண்டிகள் அனைத்துக்கும் கட்டாயமாயிற்று. தனித்தனியே பிறந்த இந்தக் கட்டுப்பாடுகள் யாவும் கணினியின் கீழ் வந்துவிட்ட நிலையில், அவற்றை ஒரே குமிழைத் திருப்பி ஒருங்கே மாற்றுவது இயல்வதாயிற்று. லேண்ட் ரோவர் நிறுவனம், ஃபோர்டின் உடைமையாக இருந்த காலத்தில், 2004இல் டிஸ்கவரி 3 வண்டியில் 'டெரெய்ன் ரெஸ்பான்ஸ்' என்ற பெயரில் இதை அறிமுகப்படுத்தியது. பின்னர் பிக்கப் டிரக்குகளும் இவ்வழியைப் பின்பற்றின.

அண்மைத் தலைமுறை ஃபோர்டு எஃப்-150 டிரக்கை எடுத்துக்கொண்டால், வகைக்கும் விலைக்கும் ஏற்ப நார்மல், ஈக்கோ, ஸ்போர்ட், டோ/ஹால், ஸ்லிப்பரி, டீப் ஸ்னோ/சாண்ட், மட்/ரட், ராக் கிரால் போன்ற பெயர்கள் ஓட்டுநரின் முன் வைக்கப்படுகின்றன. இவற்றுள் எதுவும் என்ஜினுக்குப் புதிய வலிமையை ஊட்டுவதில்லை. இருக்கும் வலிமை எப்போது, எவ்வளவு விரைவாக, எந்தச் சக்கரத்துக்குச் செல்ல வேண்டும் என்ற விதியையே மாற்றுகிறது. ஈக்கோவில் மிதிகட்டைக்கு என்ஜின் மந்தமாகப் பதில் சொல்கிறது. ஸ்போர்ட்டில் கியர் உயராமல் நெடுநேரம் நிற்கிறது. டிரெய்லரை இழுப்பதற்கான டோ/ஹாலில் கியர் அடிக்கடி மாறுவது தவிர்க்கப்படுவதோடு, சரிவில் இறங்கும்போது என்ஜினே வண்டியைத் தடுத்து நிறுத்த உதவுகிறது. பாறை மேல் ஊர்ந்து செல்வதற்கான ராக் கிராலில் மிதிகட்டையின் கூர்மை குறைக்கப்பட்டு, பின்சக்கரங்கள் இரண்டும் ஒரே வேகத்தில் சுழலுமாறு டிஃபரன்ஷியல் பூட்டப்படுகிறது.

இப்பெயர்களுள் இரண்டைச் சேர்த்து நோக்கினால், மெய்யியலில் நெடுங்காலமாக நிலவும் ஒரு சிக்கல் வெளிப்படும். உறுதியான சாலையின் மேல் மெல்லிய பனி படர்ந்திருந்தால் ஸ்லிப்பரியும், முழங்காலளவு பனி குவிந்திருந்தால் டீப் ஸ்னோ/சாண்டும் தெரிவு செய்யப்பட வேண்டும். பனி ஒன்றே ஆயினும் பெயர்கள் இரண்டு. அதற்கு மாறாக, ஆழ்ந்த பனியும் பாலைமணலும் இயல்பால் முற்றிலும் வேறுபட்டவையாக இருந்தும் ஒரே பெயரின் கீழ் வருகின்றன. காரணம் எளியது. மெல்லிய பனியில் சக்கரம் வீணாகச் சுழன்றால் பிடி அற்றுப்போகும் என்பதால், அங்கே விசை மென்மையாகத் தரப்படுகிறது. ஆழ்ந்த பனியிலும் மணலிலும், சக்கரம் சற்றுச் சுழல்கிறது என்பதற்காக விசையைக் குறைத்தால் வண்டி வேகமிழந்து புதைந்துபோகும் என்பதால், சுழற்சியைத் தடுக்கும் இழுவைக் கட்டுப்பாடு தளர்த்தப்படுகிறது. பொருள்களின் வகைகள் உலகத்திலேயே அமைந்துள்ளனவா, மனிதர் தம் நோக்கத்துக்கேற்ப வகுத்துக்கொண்டவையா என்ற விவாதத்தில், குமிழின் மேலுள்ள பெயர்கள் இரு தரப்புக்கும் பாதி இடம் கொடுக்கின்றன. வகுத்தவர் மனிதர், சக்கரத்தின் தேவையை நோக்கியே வகுத்தார். எனினும் தவறாக வகுக்கப்பட்ட நிலம் வண்டியைப் புதைத்துவிடும். மனிதரின் விருப்பம் அங்கே செல்லாது.

பெயர்களுக்குள் மற்றொரு பிரிவும் உண்டு. ஸ்லிப்பரி, மட், சாண்ட், ராக் ஆகியவை நிலத்தைக் குறிப்பவை. ஈக்கோ, ஸ்போர்ட், டோ ஆகியவை ஓட்டுநரின் நோக்கத்தையோ அவர் மேற்கொண்ட பணியையோ குறிப்பவை. ஆங்கிலேய மெய்யியலாளர் எலிசபெத் ஆன்ஸ்கம், 1957இல் வெளியிட்ட 'இன்டென்ஷன்' என்ற நூலில் இவ்வேறுபாட்டை ஓர் எளிய எடுத்துக்காட்டால் விளக்கினார். கடைக்குச் செல்பவர் கையில் வாங்க வேண்டியவற்றின் பட்டியல் இருக்கிறது. அவரைப் பின்தொடரும் துப்பறிவாளர், அவர் வாங்குவதைப் பார்த்து இன்னொரு பட்டியல் எழுதுகிறார். இரண்டிலும் ஒரே சொற்கள் இருக்கலாம். பட்டியலும் பையிலுள்ள பொருளும் ஒவ்வாதபோது, துப்பறிவாளர் திருத்த வேண்டியது பட்டியலை; வாங்குபவர் திருத்த வேண்டியது செயலை. குமிழில் 'மட்' என்பதைத் தெரிவு செய்பவர் துப்பறிவாளரின் நிலையில் நிற்கிறார். அவர் சொல்வது மெய்யாகவோ பொய்யாகவோ இருக்கும், அதை முடிவு செய்வது சேறு. 'ஸ்போர்ட்' என்பதைத் தெரிவு செய்பவர் ஒரு விருப்பத்தை அறிவிக்கிறார். அது தகுமா தகாதா என்று மட்டுமே கேட்க முடியும். ஒரே குமிழில் இவ்விரண்டும் அடுத்தடுத்து வைக்கப்பட்டிருப்பதால், நிலத்தைப் பற்றிய தீர்ப்பும் தன் விருப்பம் போலவே சுதந்திரமானது என்று ஓட்டுநர் எண்ணிவிடும் ஆபத்து உள்ளது. பனி படர்ந்த வளைவில் ஸ்போர்ட்டைத் தெரிவு செய்பவரின் பிழை இவ்வகைப்பட்டது: உலகத்தைப் பற்றிக் கேட்கப்பட்ட கேள்விக்கு அவர் தம் விருப்பத்தை விடையாகத் தருகிறார்.

இயக்கமுறையைத் தெரிவு செய்யும் செயல், மிதிகட்டையை அழுத்தும் செயலோடு ஒரே தளத்தில் வைத்து எண்ணத்தக்கதன்று. அமெரிக்க மெய்யியலாளர் ஹாரி ஃபிராங்க்ஃபர்ட், 1971இல் எழுதிய ஒரு கட்டுரையில், மனிதருக்குப் பொருள்களின் மேல் விருப்பம் இருப்பது போலவே, எந்த விருப்பம் தம்மை இயக்க வேண்டும் என்பதன் மேலும் விருப்பம் உண்டு என்றும், இந்த இரண்டாம் படி விருப்பமே ஒருவரை வெறும் உயிரினம் என்ற நிலையிலிருந்து ஆளுமை என்ற நிலைக்கு உயர்த்துகிறது என்றும் வாதிட்டார். ஸ்லிப்பரியைத் தெரிவு செய்யும் ஓட்டுநர் செய்வது ஏறத்தாழ இதுவே. தம் கால் பதற்றத்தில் மிகையாக அழுத்தக்கூடும் என்பதை அவர் அறிந்திருக்கிறார். அந்த மிகை அழுத்தத்துக்கு முழு விளைவு கிட்டாதவாறு முன்கூட்டியே ஒரு விதியைத் தமக்குத் தாமே இட்டுக்கொள்கிறார். தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்வது சுதந்திரத்துக்கு எதிரானது என்ற மேலோட்டமான எண்ணம் இங்கே நிற்பதில்லை. கட்டு வெளியிலிருந்து வந்ததன்று, அறிவு தெளிவாக இருக்கும் வேளையில் அறிவு தெளிவற்றுப்போகும் வேளைக்காக இடப்பட்டது. எனவே இயக்கமுறையைத் தெரிவு செய்தவர் அதற்குப் பின் நிகழ்வனவற்றுக்குக் குறைந்த பொறுப்புடையவர் என்று கூறுவது பொருந்தாது. ஒரு கணத்தின் செயலுக்கு மட்டுமன்றி, பல கணங்களை ஆளப்போகும் விதிக்கும் அவர் இசைவு தந்திருக்கிறார்.

இதற்கு எதிராக வலிமையான ஒரு வாதம் உண்டு. மொன்டானா பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் கற்பித்து 2023இல் மறைந்த ஆல்பர்ட் போர்க்மன், 1984இல் வெளியிட்ட தம் நூலில், தற்காலத் தொழில்நுட்பம் பயனை எளிதாகவும் உடனடியாகவும் கையளித்து, அப்பயனை விளைவிக்கும் பொறியமைப்பைப் பார்வையிலிருந்து மறைத்துவிடுகிறது என்றார். விறகு வெட்டவும் நெருப்பு மூட்டவும் காத்திருக்கவும் ஒரு குடும்பத்தைப் பழக்கிய அடுப்பங்கரைக்குப் பதிலாக, எவருடைய திறனையும் வேண்டாத வெப்பமூட்டி வந்ததை அவர் சான்றாகக் காட்டினார். அவருடைய பார்வையில், கியரைத் தாமே தாழ்த்தி, கால் விரலால் சக்கரத்தின் பிடியை உணர்ந்து மலைச்சாலையில் சென்றவர் நிலத்தோடு உறவு கொண்டிருந்தார். குமிழைத் திருப்புபவருக்கு நிலம் ஒரு சின்னமாகத் திரையில் ஒளிர்கிறது, அவ்வளவே. இந்த வாதத்தில் மறுக்க முடியாத உண்மை இருக்கிறது. பல தலைமுறைகளாக உடலில் தங்கியிருந்த ஒரு கைத்திறன் இன்று பெரும்பாலான ஓட்டுநர்களிடம் இல்லை. அதை இழப்பு என்றே சொல்ல வேண்டும்.

ஆனால் திறன் குறைந்தது என்பதிலிருந்து தீர்ப்பு தேவையற்றுப்போயிற்று என்ற முடிவு வந்துவிடாது. கொலராடோ மாநிலத்தில் ஐ-70 நெடுஞ்சாலை, கடல்மட்டத்திலிருந்து 11,000 அடிக்கு மேல் அமைந்துள்ள ஐசன்ஹோவர் சுரங்கப்பாதையைக் கடந்து மேற்கே சில்வர்தோர்ன் நகரை நோக்கிச் செங்குத்தாக இறங்குகிறது. பிரேக் செயலிழந்த கனரக வண்டிகள் ஏறி நிற்பதற்கென்றே சாலையோரத்தில் ஏற்றப் பாதைகள் அமைக்கப்பட்டுள்ளன. கனத்த டிரெய்லரோடு அங்கே இறங்கும் பிக்கப்பில் பிரேக்கை மட்டும் நம்பினால், அது சூடேறிப் பிடியிழக்கும். டோ/ஹால் இயக்கமுறை இதைத் தடுக்க உதவும். ஆனால் அது சரிவு தொடங்குமுன் தெரிவு செய்யப்பட்டிருக்க வேண்டும், ஏற்றிய சுமை வண்டியின் எல்லைக்குள் இருக்க வேண்டும், வேகம் முன்னரே குறைக்கப்பட்டிருக்க வேண்டும். நடைமுறை விவேகம் என்ற நற்பண்பைப் பகுத்தாய்ந்த 13ஆம் நூற்றாண்டுக் கிறித்தவ இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ், அதன் கூறுகளாக நினைவு, பிறரிடம் கற்கும் பணிவு, முன்னோக்கு, சூழலறிதல், எச்சரிக்கை உள்ளிட்ட எட்டினைக் குறிப்பிட்டார். விவேகம் என்பது பொதுவாக நன்மையை அறிவதோடு நில்லாமல், இந்த இடத்தில் இந்த வேளையில் செய்யத்தக்கதைக் கண்டு செய்யும் ஆற்றலாகும். மலைச்சரிவில் பொறி அக்கூறுகளுள் ஒன்றையும் ஓட்டுநரிடமிருந்து வாங்கிக்கொள்ளவில்லை. கைகால்களின் நுண்ணசைவில் கலந்திருந்த முன்னோக்கு, குமிழைத் திருப்பும் ஒரு கணத்துக்கு இடம் மாறியிருக்கிறது. இடம் மாறியதால் அதன் எடை கூடியிருக்கிறது.

திருக்குறளின் பொருட்பாலில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் ஆகிய மூன்று அதிகாரங்கள் அடுத்தடுத்து வைக்கப்பட்டிருப்பது இவ்விடத்தில் எண்ணத்தக்கது. அரசனை நோக்கிச் சொல்லப்பட்டவை ஆயினும், செயலில் இறங்கும் எவருக்கும் தன் வலிமையை அறிவது வேறு, உரிய வேளையை அறிவது வேறு, நிற்கும் இடத்தை அறிவது வேறு என்ற பகுப்பு அவ்வைப்புமுறையில் தெளிவாக உள்ளது. வண்டியின் ஏற்றுதிறனையும் இழுதிறனையும் அறிந்திருப்பது முதலாவது. சரிவுக்கு முன்னரே குமிழைத் திருப்புவது இரண்டாவது. மணலையும் சேற்றையும் வேறுபடுத்திக் காண்பது மூன்றாவது. வலிமை மிகுந்த வண்டியை வாங்கியதாலேயே மற்ற இரண்டும் கைவந்துவிட்டன என்று கருதும் மயக்கம் பிக்கப் டிரக் விளம்பரங்கள் பலவற்றின் அடியில் இருக்கிறது.

நிலத்தைத் தானே உணர்ந்து இயக்கமுறையைத் தெரிவு செய்துகொள்ளும் தானியங்கி ஏற்பாடுகளும் சில வண்டிகளில் வந்துவிட்டன. ஆகவே மேற்கூறியவை விரைவில் பொருளற்றுப்போகும் என்று கருதப்படலாம். சக்கரங்களின் வேக வேறுபாட்டிலிருந்து நிலத்தை ஊகிக்கும் பொறியோ, சக்கரம் வழுக்கிய பின்னரே வழுக்கலை அறிகிறது. மலையின் வடக்குச் சரிவில் வெயில் படாத வளைவு ஒன்று உண்டு, அங்கே காலையில் உறைந்த பனி நண்பகல்வரை நிற்கும் என்பதை அவ்வழியே பலமுறை சென்றவர் அறிவார். அரிஸ்டாட்டில், இளைஞர் கணிதத்தில் வல்லவராகலாம், விவேகியாவது அரிது என்றார்; விவேகம் தனிப்பொருள்களைப் பற்றியது, தனிப்பொருள்களை அறிய அனுபவமும் காலமும் வேண்டும் என்பது அவர் தந்த காரணம். மேலும், தானியங்கி முறையில் வண்டியை விடுவதும் ஒரு தெரிவே. அதைச் செய்தவர், தெரிவு செய்யாமல் இருந்தார் என்று ஆகிவிடுவதில்லை. வண்டியைக் கிளப்பியதும் அமையும் நார்மல் முறைக்கும் இது பொருந்தும்.

பொறியின் விதிகளை எழுதியவருக்கும் இதில் பங்குண்டு. அவருடைய நிலையைச் சட்டம் இயற்றுபவரின் நிலையோடு ஒப்பிடலாம். சட்டம் பொதுமொழியில் எழுதப்படுவதால், எழுதியவர் கண்டிராத தனி வழக்குகளில் அது பிசகக்கூடும். அப்போது சட்டத்தின் கருத்தை உணர்ந்து திருத்துவதே நேர்மையின் பணி என்று அரிஸ்டாட்டில் கூறினார். மிச்சிகனில் அமர்ந்து 'மணல்' என்பதற்கு விதி எழுதும் பொறியாளர், கலிபோர்னியப் பாலைவனத்தின் காய்ந்த குன்றையும் கடற்கரையின் ஈரமணலையும் ஒரே பெயரின் கீழ் வைக்கிறார். இன்று இங்கே உள்ள மணலுக்கு அவ்விதி பொருந்துமா என்று முடிவு செய்யும் நடுவர் ஓட்டுநரே. ஆனால் சட்டமே தெரியாத நடுவரால் நேர்மையான தீர்ப்பு வழங்க முடியாது. ஒவ்வோர் இயக்கமுறையும் எதைக் கூட்டுகிறது, எதைத் தளர்த்துகிறது, எந்தப் பாதுகாப்பை விலக்குகிறது என்பதைத் தெளிவான மொழியில் சொல்லும் கடமை தயாரிப்பாளருக்கு உண்டு. அழகிய படமும் ஒற்றைச் சொல்லும் அக்கடமையை நிறைவேற்றிவிடுவதில்லை.

குமிழில் இடம்பெறாத கேள்வி ஒன்று எஞ்சுகிறது. யூட்டா மாநிலத்தின் மோவாப் நகரைச் சுற்றிய பாலைநிலத்தில், நீலப்பச்சை நுண்ணுயிர்களும் பாசிகளும் லைக்கன்களும் சேர்ந்து மண்ணின் மேல் உயிருள்ள ஒரு தோலை உண்டாக்குகின்றன. மணல் காற்றில் பறக்காமல் அது காக்கிறது, மண்ணுக்கு நைட்ரஜனையும் சேர்க்கிறது. ஒரு சக்கரத் தடம் அதை நொறுக்கிவிட்டால் மீள்வதற்குப் பல பத்தாண்டுகள் ஆகும். பொது நிலங்களில் சாலைக்கு வெளியே ஓடும் வண்டிகள் செல்லத்தக்க இடங்களை வரையறுக்குமாறு அமெரிக்க அதிபர் நிக்சன் 1972இல் ஆணையிட்டதற்கு, கட்டுப்பாடின்றி ஓடிய சக்கரங்கள் நிலத்துக்கு விளைவித்த கேடு ஒரு காரணம். அந்த மண்ணைக் கடக்க எந்த இயக்கமுறை ஏற்றது என்ற கேள்விக்குப் பொறியிடம் விடை இருக்கலாம். கடக்கலாமா என்ற கேள்வி அதற்கு விளங்காது. இயலும் என்பதிலிருந்து தகும் என்பது பிறப்பதில்லை என்ற அறவியல் உண்மை, எட்டுப் பெயர்கள் கொண்ட குமிழின் முன் அமர்ந்திருப்பவருக்கு எளிதில் மறந்துபோகக் கூடியது. வழிகள் பலவாக விரிக்கப்படும்போது, செல்லாதிருப்பதும் ஒரு வழி என்பது கண்ணிலிருந்து மறைகிறது.

ஆகவே, தெரிவு செய்யத்தக்க இயக்கமுறைகள் மனிதரின் பொறுப்பைப் பொறிக்கு மாற்றிவிட்டன என்ற கருத்தும், அவை ஓட்டுதலின் அறத்தையே அழித்துவிட்டன என்ற கருத்தும் ஒருசேரத் தவறானவை. பொறி செயலின் பெரும்பகுதியை ஏற்றுக்கொண்டது. நிலம் எத்தகையது, சுமை எவ்வளவு, போகத்தான் வேண்டுமா என்ற மூன்று தீர்ப்புகளையும் அது ஓட்டுநரிடமே விட்டிருக்கிறது. விதியை எழுதியவர் அதை விளங்கச் சொல்லவும், பெயரைத் தெரிவு செய்பவர் அதன் பொருளை அறிந்தே தெரிவு செய்யவும் கடமைப்பட்டவர்கள். அறியாமல் குமிழைத் திருப்பியவர், விபத்துக்குப் பின் வண்டியைக் குறைகூற அறத்தில் இடமில்லை.